கணக்கரின் தராசும் வைரத்தின் பட்டையும்

திருப்பதி காந்தி சாலைக்கும் சித்தூர்க் கடைவீதிக்கும் நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளோடு வருகின்றன. கல் எத்தனை சென்ட்? வி.வி.எஸ். தானே? கடைக்காரரும் இந்த இரண்டுக்கும் விடையைத் தயாராக வைத்திருக்கிறார். “ஈ.எஃப். கலர், வி.வி.எஸ். கிளாரிட்டி” என்று அவர் சொல்லி முடித்ததும் பெண்ணின் தாய்மாமன் தலையசைக்கிறார், சம்பந்தி வீட்டார் நிறைவடைகிறார்கள். கல் எப்படிப் பட்டை தீட்டப்பட்டிருக்கிறது என்ற மூன்றாவது கேள்வி எழுவதே அரிது. தப்பித் தவறி எவரேனும் கேட்டுவிட்டால் “எல்லாம் நல்ல கட்டிங் தான் சார்” என்ற ஒரே வரியில் அது அடங்கிவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு இப்போது அறிவுத்துறை ஆதரவும் கிடைத்திருக்கிறது. எடையும் மாசின்மையும் பார்த்து வைரம் வாங்குவதே நமது மரபு என்றும், பட்டையின் தரம் என்பது அயல்நாட்டு ஆய்வகங்கள் தம் சான்றிதழை விற்கக் கிளப்பிய புதுச்சரக்கு என்றும், படித்தவர்களே, அதிலும் பல்கலைக்கழக வட்டாரத்தவரே, பேசுகிறார்கள். ஓர் ஆய்வேட்டில் முறையியல் இயல் இல்லையென்றால் திருப்பி அனுப்பும் பேராசிரியர், இலட்சங்கள் பெறும் ஒரு கல்லின் சான்றிதழில் இரண்டு எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பதில் முரண் எதையும் காண்பதில்லை. இந்த வாதம் மரபைப் பற்றிய அரைகுறை அறிவிலிருந்து பிறக்கிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள்.

மரபு என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்கையில் வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை ஆகிய நான்கையும் சுட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட அணிகலன்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. வைரங்கள் எத்தனை, அவற்றுள் தட்டையானவை எவை, விளிம்பு சீரானவை எவை என்பதோடு, புள்ளி விழுந்தவை, வெடிப்புற்றவை, சிவப்புப் பொட்டும் கறுப்புப் பொட்டும் உடையவை, வெந்ததுபோல் தழும்பு கொண்டவை என்று குற்றங்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இன்றைய ஆய்வகச் சான்றிதழுக்கு ஆயிரம் ஆண்டு மூத்த சான்றிதழ் என்றே அதைச் சொல்லலாம். திருமலையிலும் இதே நிலைதான். 966-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாமவையின் கொடைக் கல்வெட்டு, வெள்ளித் திருமேனிக்கு அவர் அளித்த அணிகளைப் பொன்னின் நிறையோடும் கற்களின் எண்ணிக்கையோடும் பதிவு செய்கிறது. கிருஷ்ணதேவராயர் 1513-இல் முதன்முறை மலையேறி வந்து அளித்த மணிமுடியும் அவ்வாறே கல்வெட்டில் ஏறியது.

ஆக, எடையும் குற்றமும் பார்ப்பது பழைய மரபுதான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பதிவுகள் எதற்காக எழுதப்பட்டன என்ற கேள்வியை மரபின் பெயரால் வாதிடுவோர் கேட்பதே இல்லை. கோயில் கல்வெட்டு ஒரு பொக்கிஷக் கணக்கு. நாளை ஒரு கல் காணாமற்போனால் அது எந்தக் கல் என்று அடையாளம் காட்டுவதற்கு எண்ணிக்கையும் நிறையும் தழும்பும் தேவை. களவைத் தடுக்கக் கணக்கர் கண்ட மொழி அது. கல் எவ்வளவு அழகாக ஒளிர்ந்தது என்று கணக்கர் எழுதவில்லை; எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. பதிவேட்டின் மொழிக்கு உள்ள எல்லை அண்மைக் காலத்திலும் வெளிப்பட்டது. திருமலைக் கோயில் நகைகளில் இளஞ்சிவப்பு வைரம் ஒன்றைக் காணவில்லை என்று 2018-இல் குற்றச்சாட்டு எழுந்தபோது, அது வைரமே அன்று, மாணிக்கம் என்றும், 2001 கருட சேவையில் பக்தர்கள் வீசிய நாணயங்கள் பட்டு உடைந்தது என்றும் தேவஸ்தானம் விளக்கமளித்தது. வழக்கு முழுவதும் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. அந்தக் கல்லின் ஒளியைக் கண்டு வணங்கியவர்கள் எவருக்கும் பதிவேடு தேவைப்பட்டதில்லை. ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தின் முதல் நாளில் மலையப்ப சுவாமி வஜ்ர கவசத்தில் எழுந்தருளும்போது கூட்டத்தில் நிற்பவர் காண்பது ஒளி; அதன் நிறையைக் கேட்டு எவரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. சிலம்பும் தஞ்சைக் கல்வெட்டும் பேசும் வைரம் பெரும்பாலும் பட்டை தீட்டாத வைரம். எட்டு முகமும் ஆறு முனையுமாக மண்ணிலிருந்து வந்த படிகத்தை அப்படியே மதித்த காலம் அது. இரத்தின சாத்திர நூல்கள் புகழும் கூர்முனையும் சீரான விளிம்பும் இயற்கையின் கைவேலை. வெட்டே இல்லாத கல்லுக்கு வெட்டின் தரத்தை எப்படி மதிப்பிட முடியும்? கர்நூல் மாவட்டத்து ஜொன்னகிரி, துக்கலி நிலங்களில் முதல் மழை பெய்ததும் குடும்பத்தோடு வந்து குனிந்து வைரம் தேடும் கூலி மக்களுக்கு இன்றும் இந்த அளவுகோல் பொருந்தும். கையில் அகப்பட்டது பட்டையிடாத கல். எடை, நிறம், மாசு, வடிவம் தவிர விலை பேச அங்கே வேறு பிடி இல்லை. வயல்வரப்பின் அளவுகோலைக் குளிரூட்டிய கடையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நீட்டுவதுதான் பிழை.

பட்டை தீட்டும் கலை வளர்ந்த பின்னும் எடையின் பிடி எளிதில் தளரவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்துச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியர், இங்குள்ள பட்டைக்காரர்கள் மாசற்ற கல்லைச் சக்கரத்தில் இலேசாக ஓட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், எடை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள், மாசுள்ள கல்லிலோ அதை மறைக்கப் பட்டைமேல் பட்டையிடுகிறார்கள் என்று எழுதிச் சென்றார். தராசுக்கு அஞ்சிய கைவினை அது. ஆந்திரத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் கோஹினூரின் கதையும் இங்கேதான் வருகிறது. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதைக் காணத் திரண்ட கூட்டம் ஏமாற்றத்தோடு திரும்பியது. உலகப் புகழ் பெற்ற கல் கண்ணாடித் துண்டுபோல் மங்கிக் கிடந்தது. மறு ஆண்டில் அது மீண்டும் பட்டையிடப்பட்டது. சுமார் 191 மெட்ரிக் காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. களவாடிய கல்லை அதன் வரலாற்று வடிவம் தெரியாமல் செதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அது தனி வழக்கு. ஆனால் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்த பிறகே அந்தக் கல் ஒளிரத் தொடங்கியது என்பதையும் மறுக்க இயலாது.

ஏன் அப்படி? விடை பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42, அதனால் அதன் மாறுநிலைக் கோணம் 24.4 பாகைதான். மேல்தட்டு வழியே உள்ளே நுழையும் ஒளி, கல்லின் அடிப்பட்டைகளில் இந்தக் கோணத்தைவிடச் சாய்வாக விழுந்தால் முழு அக எதிரொளிப்பு அடைந்து, மீண்டும் மேல்வழியே பார்ப்பவர் கண்ணுக்குத் திரும்பும். அடிப்பட்டையின் சாய்வு மிகினும் குறையினும் ஒளி கீழே கசிந்துவிடும். மிகவும் ஆழமாக வெட்டிய கல்லின் நடுவில் இருட்டு தங்கும். மிகவும் தட்டையாக வெட்டியதில் விளிம்பின் நிழல் மீன்கண்போல் வளையமாகத் தெரியும். இந்தக் கணக்கை 1919-இல் நூலாக்கியவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. அடிப்பட்டைக்கு 40.75 பாகை, மேற்பட்டைக்கு 34.5 பாகை, மேல்தட்டின் அகலம் விட்டத்தில் 53 விழுக்காடு என்று அவர் கண்ட அளவுகளை ஒட்டியே பின்வந்த ஆய்வுகள் நடந்தன. ஓரிரு பாகைப் பிசகு கல்லைக் குருடாக்கிவிடும் என்பது மாறவில்லை. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. உருண்டை வைரங்களுக்கு வெட்டுத்தர மதிப்பீடு வழங்கத் தொடங்கியது 2006-இல்தான். அதாவது நிறமும் தெளிவும் எடையும் சான்றிதழில் பல பத்தாண்டுகள் முன்பே குடியேறிவிட்டன. வெட்டு கடைசியாக வந்தது. கடைசியாக வந்ததால் கடைசி இடம் என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

இங்கே வணிகத்தின் கை தெரிகிறது. வைரம் எடைக்கு விற்கப்படுகிறது. அதுவும் 50 சென்ட், 1 காரட் என்ற படிகளில் விலை சட்டென்று ஏறுகிறது. சூரத்துப் பட்டறையில் ஒரு கல் 45 சென்டாகச் சரியாக வெட்டப்படலாம், அல்லது அடிப்பகுதியைக் கனமாக விட்டு 50 சென்டாக நிறுத்தப்படலாம் என்ற நிலை வரும்போது பட்டறை முதலாளி எதைத் தேர்வார் என்பதற்குச் சோதிடம் தேவையில்லை. விட்டத்தில் 61 விழுக்காடு ஆழம் கொண்ட 50 சென்ட் உருண்டைக் கல்லின் அகலம் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர். அதே 50 சென்டை 68 விழுக்காடு ஆழத்தில் வெட்டினால் அகலம் 4.9 மில்லிமீட்டராகச் சுருங்கும். சரியாக வெட்டிய 45 சென்ட் கல்லும் அதே 4.9 மில்லிமீட்டர்தான். விரலில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். ஒன்று ஒளிரும், மற்றொன்று மங்கும். அந்த ஐந்து சென்ட் கல்லின் வயிற்றில் கிடக்கிறது, எவர் கண்ணுக்கும் படாமல். நிச்சயதார்த்த மண்டபத்தில் “ஐம்பது சென்ட்” என்று உரக்கச் சொல்லும் ஒரு நொடிக்காகப் பெண்வீட்டார் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது அந்த வயிற்றுச் சதையைத்தான்.

அடுத்தது தோஷம். வி.வி.எஸ். இல்லாத கல் வீட்டுக்கு ஆகாது என்ற அச்சம் இந்தப் பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தெலுங்குக் குடும்பம், தமிழ்க் குடும்பம் என்ற பேதம் அதில் இல்லை. நம்பிக்கை உள்ளவர்களோடு நம்பிக்கையைப் பற்றிச் சண்டையிட்டுப் பயனில்லை. அவர்களுடைய நூலையே திறந்து காட்டலாம். காகபாதமும் விந்துவும் ரேகையும் கடைத்தெருவில் நின்ற பரீட்சகர் கண்ணால் கண்டு சொன்ன குற்றங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்சு அவர் கையில் இல்லை. இன்றைய தரப்படுத்தலில் வி.வி.எஸ். கல்லின் மாசு, பயிற்சி பெற்றவர் அந்த லென்சின் வழியே பார்த்தாலும் எளிதில் அகப்படாதது, வி.எஸ். கல்லின் மாசும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. எனவே சாத்திரத்தின் அளவுகோலிலேயே வி.எஸ். கல் குற்றமற்றது; எஸ்.ஐ. வகையிலும் வெறுங்கண்ணுக்குத் தூயதாகத் தெரியும் கற்கள் உண்டு. வி.எஸ்.ஸுக்கும் வி.வி.எஸ்.ஸுக்கும் இடையேயுள்ள விலை வேறுபாட்டைச் சாத்திரம் கேட்கவில்லை. கடையின் விலைப்பட்டியல் கேட்கிறது. நிறத்திலும் இதே கதை. ஈ, எஃப் நிறத்துக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அந்தக் கல்லை மஞ்சள் தங்கத்தில் பதிக்கச் சொல்கிறார்கள். தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் பிரதிபலிக்கும்போது ஈ எங்கே, எச் எங்கே? “ப்ளூ ஜாகர்” மோகமும் அப்படியே. அந்தப் பெயருக்குக் காரணமான தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பாட்டியின் ஏழுகல் தோட்டுக்கு உரிய பெயரை நேற்று வெட்டிய கல்லுக்குச் சூட்டி விற்கிறார்கள்.

ஓர் எதிர்வாதம் மட்டும் மதித்துக் கேட்கத் தக்கது. தென்னாட்டு நகைகளில் கல்லின் பின்புறத்தை மூடிக் கட்டும் வழக்கம் உண்டு. பின்வழியே ஒளி வராத நகையில் வெட்டு எப்படியிருந்தால் என்ன என்று மூத்த ஆசாரிகள் கேட்கிறார்கள். வினா நியாயமானது, விடை எதிர்த்திசையில் இருக்கிறது. சரியாக வெட்டிய கல்லுக்குப் பின்புற ஒளி தேவையே இல்லை. மேலே நுழைந்ததை மேலேயே திருப்பித் தருவதுதான் அதன் இயல்பு. ஒளியைக் கீழே கசியவிடும் தட்டைக் கல்லுக்குத்தான் பின்னால் பளபளப்பான தகடு வைத்து மூட வேண்டியிருந்தது. மூடிய கட்டும் தகடும் வெட்டின் குறையை ஈடுசெய்ய ஆசாரி கண்ட நுட்பங்கள்; வெட்டு வேண்டாம் என்பதற்கான சான்றுகள் ஆகா. ஆனால் ஆசாரிகள் இன்னொன்றும் சொல்கிறார்கள், அதை இளைஞர்கள் கேட்பதில்லை. வைரம் எண்ணெயை ஈர்க்கும். எண்ணெய்க் குளியலும் மஞ்சளும் சமையலும் சேர்ந்து அடிப்பட்டையில் படலம் கட்டினால், மாறுநிலைக் கோணம் 24 பாகையிலிருந்து 37 பாகைக்கு அருகே ஏறிவிடும்; சாய்ந்து வரும் ஒளியெல்லாம் தப்பிவிடும். மிகச் சிறந்த வெட்டும் அழுக்கேறினால் மங்கல்தான். பின்புறம் திறந்த கட்டைத் துலக்குவது எளிது; மூடிய கட்டுக்குள் எண்ணெய் புகுந்தால் ஆசாரியிடம்தான் போக வேண்டும்.

பெங்களூரிலும் சென்னையிலும் வேலைபார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஊர் திரும்பும் மென்பொருள் இளைஞர்களின் மறுமூட நம்பிக்கையையும் விட்டுவைக்கக் கூடாது. “டிரிபிள் எக்ஸலன்ட்” என்ற சொல் அவர்களுக்கு வி.வி.எஸ். போலவே மந்திரமாகிவிட்டது. ஜி.ஐ.ஏ.வின் “எக்ஸலன்ட்” ஒரு புள்ளியன்று, அகன்ற பட்டி. அதற்குள்ளேயே ஆழமான கல்லும் இருக்கும், அளவான கல்லும் இருக்கும். பாகையையும் விழுக்காட்டையும் படிக்காமல் சொல்லை மட்டும் படிப்பவர் தாய்மாமனிலிருந்து எவ்வகையிலும் முன்னேறவில்லை. அதற்கும் மேலே, கருவியில் வைத்துப் பார்த்தால் இதயமும் அம்புமாகத் தெரியும் கல்லுக்குத் தனிவிலை கொடுப்பது வெறுங்கண்ணுக்கு அப்பாற்பட்ட இன்பம், வி.வி.எஸ்.ஸுக்குச் சொன்ன கண்டனம் அதற்கும் பொருந்தும். பத்துப் பன்னிரண்டு பொடிக்கற்களைப் பூவாகக் கட்டிய மோதிரத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் வெட்டுத்தரச் சான்று கேட்பதும் வீண்வேலை. வெட்டுக்கு முதலிடம் என்பது ஒற்றைக்கல் மோதிரத்துக்கு, அதிலும் உருண்டைக் கல்லுக்கு, வலுவாகப் பொருந்தும் விதி.

“இது வெறும் அழகுப் பொருளா? நாளை ஆபத்துக்கு உதவும் சொத்து, எடையும் தெளிவும் இருந்தால்தான் விலை போகும்” என்ற வாதம் எல்லாவற்றையும்விடத் தீங்கானது. சித்தூரின் எந்த வங்கிக் கிளையிலும் வைர மோதிரத்தை அடகு வைத்துப் பார்க்கலாம். மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே கணக்குப் போடுவார். நகைக்கடன் விதி அதுதான். தங்கத்துக்கு 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க்கும் ஆறு இலக்க அடையாள எண்ணும் உண்டு. வைரத்துக்கு அப்படியொரு கட்டாய அரசு முத்திரை கிடையாது, உள்ளவை தனியார் ஆய்வகச் சான்றிதழ்களே. விற்ற கடை, தன் ரசீதைக் காட்டினால், தன் கழிவுக்கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளும். அடுத்த கடை முகம் சுளிக்கும். இதைச் சொத்து என்று நம்பி, தாயின் தாலிச்சரடை அடகு வைத்து 45-ஐ 50 ஆக்கும் குடும்பம் அசலான சொத்தைக் கொடுத்து ஒரு சொல்லை வாங்கிக்கொள்கிறது.

அந்தச் சொல்லின் வயதும் அதிகமில்லை. இப்பகுதியின் நிச்சயதாம்பூலத்தில் இரு வீட்டாருக்கும் இடையே கைமாறியவை வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் இலக்கினப் பத்திரிகையும். வைர மோதிரம் அதில் இல்லை. வைரமே என்றென்றைக்கும் என்ற பொருள்படும் விளம்பர வாசகத்தை டி பீர்ஸ் நிறுவனத்துக்காக 1947-இல் எழுதியவர் பிரான்சிஸ் ஜெராட்டி என்ற விளம்பர எழுத்தாளர். அந்த வாசகத்தின் பேத்தியே இன்று மண்டபத்து மேடையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் சென்ட் கணக்கு. மரபைக் காக்கிறோம் என்போர் எந்த மரபை என்று தெளிவுபடுத்தினால் நல்லது.

ஆய்வகத்தில் விளையும் வைரம் இந்தக் கணக்கையெல்லாம் விரைவில் கலைத்துவிடும். அத்துறை ஆய்வுக்காக ஒன்றிய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு 2023-இல் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தக் கல்லும் வேதியியலில் வைரமே. ஆனால் அதன் மூலப்படிகம் அரிதானதன்று, ஆகவே எடைக்கு இருந்த மிரட்டல் அதில் மங்கிவிடுகிறது. மூலக்கல் மலிவாகும்போது வயிற்றில் சதை விட்டு வெட்டுவதற்குப் பட்டறைக்கும் சாக்கு இருக்காது.

அதுவரை காந்தி சாலைக் கடையில் செய்யக்கூடியவை சில உண்டு. சான்றிதழில் ஆழமும் மேல்தட்டு விழுக்காடும் அச்சாகியிருக்கும், பலவற்றில் பாகைகளும் இருக்கும். உருண்டைக் கல்லில் ஆழம் 60-க்கும் 62.5-க்கும் இடையிலா, அடிப்பட்டை 40.6-க்கும் 41-க்கும் இடையிலா, மேற்பட்டை 34-க்கும் 35-க்கும் இடையிலா என்று விரல் வைத்துப் பார்க்கலாம். கடைக்கூரையின் நூறு சிறு விளக்குகளுக்குக் கீழே கண்ணாடித் துண்டும் மின்னும். அதனால் கல்லை வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் நேரே படாத நிழலில், இன்னொரு கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். 50 சென்ட் வி.வி.எஸ். ஒன்று, நன்கு வெட்டிய 45 சென்ட் வி.எஸ். ஒன்று. சான்றிதழ்களை மடித்துத் தாய்மாமனின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எது எது என்று சொல்லாமல், மோதிரம் அணியப்போகும் பெண்ணிடம் இரண்டையும் நீட்டலாம்.